தொங்கு சிற்பம் நேராக நிற்கிறது, ஆனால் அசைய மாட்டேன் என்கிறது

தகட்டிலை:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக ஒரு தொங்கு சிற்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் பாணியில், கம்பியும் அலுமினியத் தகடும் வைத்துச் செய்வது. 'மொபைல்' என்று தேடினால் கைபேசியாகவே வந்து விழுவதால் இங்கே தொங்கு சிற்பம் என்றே எழுதுகிறேன்.

மொத்தம் மூன்று கம்பிகள். மேலே 60 செ.மீ., நடுவில் 40, கீழே 20. மூன்றும் 2 மி.மீ. எஃகுக் கம்பி, வில் போல வளைத்தவை. நுனிகளில் இலை வடிவத் தகடுகள், எல்லாம் தரைக்கு இணையாகப் படுத்த நிலையில். ஒரு கம்பியிலிருந்து அடுத்ததைப் பருத்தி நூலால் தொங்கவிட்டிருக்கிறேன்.

இரண்டு சிக்கல். முதலாவது, கணக்கு பொய்த்தது. நடுக்கம்பியின் ஒரு நுனியில் கீழ்க்கம்பி அதன் இலைகளோடு 22 கிராம், மறு நுனியில் 8 கிராம் இலை. நெம்புகோல் விதிப்படி கனமான நுனியிலிருந்து 10.7 செ.மீ.யில் தூக்க வேண்டும். தூக்கினேன், இலைப் பக்கம் அப்படியே சாய்ந்துவிட்டது. நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில் 13 செ.மீ.யில்தான் நேராக நின்றது.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. இப்போது எல்லாம் நேராக இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை. சுவரில் மாட்டிய படம் போல நிற்கிறது. ஊதினால் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பி நின்றுவிடுகிறது. எங்கே தவறு?

துலாக்கோல்:

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். கம்பியின் எடையை விட்டுவிட்டீர்கள்.

2 மி.மீ. எஃகுக் கம்பி ஒரு செ.மீ.க்கு ஏறத்தாழ கால் கிராம் இருக்கும். உங்கள் 40 செ.மீ. கம்பியே 10 கிராம், அதாவது நுனியில் இருக்கும் இலையைவிடக் கனம்! அந்த 10 கிராமும் கம்பியின் நடுவில், 20 செ.மீ.யில் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கனமான நுனியிலிருந்து கணக்கிட்டால் இலைக்கு 8 × 40 = 320, கம்பிக்கு 10 × 20 = 200. கூட்டினால் 520. மொத்த எடை 22 + 8 + 10 = 40 கிராம். 520-ஐ 40-ஆல் வகுத்தால் சரியாக 13 செ.மீ. உங்கள் கை கண்டுபிடித்ததும் அதுதான். கணக்கு உங்களை ஏமாற்றவில்லை, கணக்கில் ஒரு ஆள் குறைந்திருந்தார்.

இரண்டாவது கேள்வி பெரியது. இரவு உட்கார்ந்து எழுதுகிறேன்.

கம்பிவளையம்:

நான் பல வருடமாகச் செய்கிறேன், ஒரு தடவைகூடக் கணக்குப் போட்டதில்லை. கீழிருந்து மேலே போக வேண்டும், அது ஒன்றுதான் மாற்ற முடியாத விதி. கடைசி அடுக்கை முடித்து, அது நேராக நின்ற பிறகுதான் அதற்கு மேல் உள்ள கம்பியைத் தொட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் கீழே ஒரு இலையை மாற்றும்போதெல்லாம் மேலே எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

கம்பியை நூல் கண்ணியில் தொங்கவிட்டு, கண்ணியை நகர்த்திக்கொண்டே போங்கள். நேராக நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். அப்புறம்தான் வட்டமூக்குக் குறடால் அங்கே காது, அதாவது நூல் மாட்டும் சிறு வளையம், திருக வேண்டும். இங்கே ஒன்று கவனம். 2 மி.மீ. கம்பியில் 4 மி.மீ. துளை வருகிற மாதிரி ஒரு சுற்றுத் திருகினால் 2 செ.மீ. கம்பி அந்தக் காதுக்குள்ளேயே போய்விடும். அதனால் இரண்டு கையும் சற்றுக் குட்டையாகும், சமநிலை மறுபடி நகரும். நுனிகளில் கொஞ்சம் கம்பியை மிச்சம் விட்டு வையுங்கள். கடைசியில் வெட்டியோ, நுனிக் காதைக் கொஞ்சம் உள்ளே சுருட்டியோ சரி செய்துகொள்ளலாம்.

இன்னொன்று, வண்ணம் பூசியாயிற்றா? பூசாமல் சமன் செய்திருந்தால் பூசிய பிறகு மொத்தத்தையும் மறுபடி செய்ய வேண்டும். இரண்டு பூச்சு பூசிய பெரிய இலைக்கும் பூசாத இலைக்கும் உள்ள வித்தியாசம் கையில் தெரியாது, கம்பிக்குத் தெரியும். உப்புத்தாள் போட்டு, வண்ணம் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு சமன் பாருங்கள்.

தகட்டிலை:

வண்ணம் பூசியாயிற்று, நல்லவேளை. துலாக்கோல் ஐயா, 13 என்று கணக்கிலேயே வந்ததைப் பார்த்ததும் அவ்வளவு நிம்மதி. இரவுக்குக் காத்திருக்கிறேன்.

பல்சக்கரம்:

அசையவில்லை என்றால் மேலே ஒரு சிறு மோட்டாரை வைத்துவிடலாமே. நிமிடத்துக்கு ஒரு சுற்று வேகத்தில் மோட்டார்கள் கிடைக்கின்றன.

நிழல்கோடு:

பல்சக்கரம், அந்த வழியாகக் கால்டரே போய்ப் பார்த்திருக்கிறார். 1930களின் தொடக்கத்தில் அவருடைய அசையும் சிற்பங்கள் பலவற்றைக் கைப்பிடியும் மோட்டாரும்தான் ஓட்டின. அவர் 1919-இல் இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கியவர், பல்சக்கரமும் கப்பியும் அவருக்குப் புதிதல்ல. ஆனால் மோட்டார் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. இரண்டு நிமிடம் பார்த்தால் அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டுக் காற்றின் கையில் ஒப்படைத்த பிறகுதான் நாம் இன்று அறிந்த கால்டர் வருகிறார்.

கதை தொடங்கிய இடமும் அழகானது. 1930 அக்டோபரில் பாரிஸில் டச்சு ஓவியர் மோந்திரியானின் ஓவியக்கூடத்துக்குப் போகிறார். வெள்ளைச் சுவரில் வண்ண அட்டைச் சதுரங்கள் குத்தி வைத்திருக்கின்றன. இவை அசைந்தால் எப்படி இருக்கும் என்று கேட்கிறார். தேவையில்லை, என் ஓவியம் ஏற்கெனவே வேகமாகத்தான் இருக்கிறது என்று மோந்திரியான் மறுத்துவிடுகிறார். ஒருவர் வேண்டாம் என்று சொன்னதை இன்னொருவர் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு, 1931-இல், பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் அந்தச் சிற்பங்களுக்கு 'மொபில்' என்று பெயர் வைத்தார். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அசைவது என்றும் பொருள், ஒரு செயலின் உள்நோக்கம் என்றும் பொருள். அசையாமல் தரையில் நிற்கும் சிற்பங்களுக்கு 1932-இல் சிற்பி ழான் ஆர்ப் வைத்த பெயர் 'ஸ்டபில்'.

கால்டருக்கு முன்னால் யாரும் தொங்கவிடவில்லை என்று நினைக்க வேண்டாம். 1920-இல் அமெரிக்கக் கலைஞர் மேன் ரே சட்டை மாட்டும் மரத்தாங்கிகளை ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து நான்கு என்று தொங்கவிட்டார். 1, 2, 4, 8, 16, 32, ஆக மொத்தம் 63. ரஷ்யாவில் ரோத்சென்கோ என்ற கலைஞர் அதே காலத்தில் ஒரே ஒட்டுப்பலகையிலிருந்து வளையத்துக்குள் வளையமாக வெட்டி, அவற்றை ஒன்றுக்கொன்று திருப்பிக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். ஆனால் மேன் ரேயின் தாங்கிகள் இரண்டு பக்கமும் சமம். ஒரு பக்கம் ஒற்றைக் கருப்பு இலை, மறுபக்கம் ஒரு குடும்பமே தொங்க, இரண்டும் எடையில் ஈடாகி நிற்கும் அந்த ஏறுமாறான சமநிலை கால்டருடையது. எனக்கு அதுதான் அவருடைய ஆகப் பெரிய கண்டுபிடிப்பு.

துலாக்கோல்:

இப்போது இரண்டாவது கேள்வி.

தொங்கு சிற்பத்தில் இரண்டு அசைவுகள் இருக்கின்றன. ஒன்று தலையாட்டல், அதாவது கம்பியின் ஒரு நுனி மேலே போக மறு நுனி கீழே வருவது. மற்றது சுழற்சி, கம்பி முழுதும் நூலைச் சுற்றி வருவது. உங்களுடையதில் இரண்டுமே செத்துக் கிடக்கின்றன, ஆனால் காரணம் வேறு வேறு.

முதலில் தலையாட்டல். கம்பியை வில் போல வளைத்திருப்பதாகச் சொன்னீர்கள். ஒரு நுனிக் காதிலிருந்து மறு நுனிக் காதுக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நடுக் காது அந்த நூலுக்கு மேல் எத்தனை செ.மீ. உயரத்தில் இருக்கிறது? எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

நடுக் காது அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் கம்பி சாய்ந்தாலும் திரும்பி வரும். உயரம் கூடக் கூட வேகமாகத் திரும்பும், விறைப்பாக நிற்கும். சரியாகக் கோட்டிலேயே இருந்தால் தள்ளிய இடத்தில் நின்றுவிடும். கோட்டுக்குக் கீழே போய்விட்டால் கவிழ்ந்துவிடும், எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

எண்ணில் சொல்கிறேன். உங்கள் நடுக்கம்பியின் நீண்ட பக்கம் 27 செ.மீ. அந்த நுனியில் காற்று 1 கிராம் அளவுக்கு அழுத்துவதாக வைப்போம். காது 6 செ.மீ. உயரத்தில் இருந்தால் கம்பி ஆறேழு பாகைதான் சாயும். 1 செ.மீ. உயரத்தில் இருந்தால் அதே காற்றுக்கு முப்பது பாகையைத் தாண்டும். அதே கம்பி, அதே இலை, அதே காற்று.

நகை நிறுக்கும் தராசு செய்பவர்களுக்கு இது ஆதிகாலத்துப் பாடம். நடுக் கத்திமுனையும் இரண்டு தட்டுகளைத் தாங்கும் கத்திமுனைகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருமாறு கோலைச் செய்வார்கள். அப்போதுதான் குன்றிமணி எடைக்கும் முள் நகரும். மூட்டை நிறுக்கும் தராசுக்கு அந்த நுணுக்கம் தேவையில்லை, சீக்கிரம் ஆடி அடங்கினால் போதும். நீங்கள் இப்போது செய்து வைத்திருப்பது மூட்டைத் தராசு. எல்லாம் திடமாக நிற்க வேண்டும் என்று பயந்து வளைத்திருக்கிறீர்கள், அது புரிகிறது, முதல் சிற்பத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கொஞ்சம் ஆபத்துக்கு அருகில் கொண்டு போங்கள்.

தகட்டிலை:

அளந்தேன். நடுக்கம்பியில் 6.5 செ.மீ., மேல்கம்பியில் 9! வளைவு அழகாக இருக்கிறது என்று நானே விரும்பி வளைத்தது.

கம்பிவளையம்:

வளைவை இழக்க வேண்டாம். நடுவில் வளைவு இருக்கட்டும், இரண்டு நுனியையும் மேல் நோக்கித் திருப்பி நுனிக் காதுகளை உயர்த்துங்கள். அன்னத்தின் கழுத்து மாதிரி வரும். கோடு மேலே ஏறிவிடும், நடுக் காது அதற்குச் சற்று மேலே நிற்கும். பார்க்க வளைவு அப்படியே இருக்கும்.

சுழற்சி பற்றி நான் சொல்கிறேன், ஐயா. குற்றவாளி அந்தப் பருத்தி நூல்தான். அது முறுக்கிச் செய்தது. எடை மாட்டியதும் முறுக்கு கொஞ்சம் அவிழ்ந்து, கம்பியைத் தனக்குப் பிடித்த ஒரு திசையில் கொண்டு போய் நிறுத்தும். நீங்கள் எந்தப் பக்கம் ஊதினாலும் நூல் திருப்பி இழுத்துவிடும். காற்றில் ஈரம் ஏறினால் அந்தத் திசையும் மாறும்.

தூண்டில்காரர்கள் நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவே ஒரு சிறு சுழலி மாட்டுவார்கள், மீன் சுற்றினாலும் நரம்பு முறுக்கேறாமல் இருக்க. உள்ளே சிறு எஃகுக் குண்டுகள் வைத்த சுழலியாக ஒன்று வாங்கி உச்சியில், மேல்கம்பிக்கும் கூரைக்கும் நடுவில் மாட்டுங்கள். மற்ற இணைப்புகளுக்குத் தங்கூசி நரம்பு, அதாவது நைலான் தூண்டில் நரம்பு, போதும், அதில் முறுக்கு கிடையாது. அல்லது நூலே வேண்டாம், காதுக்குள் கொக்கியாக நேரடியாக மாட்டுங்கள். அப்படிச் செய்தால் கொக்கியின் உள்பக்கத்தை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்க மறக்காதீர்கள். வெட்டிய கம்பியின் பிசிறு ஒன்று நின்றால்கூடப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் இலைகள். எல்லாம் படுத்திருந்தால் பக்கத்திலிருந்து வரும் காற்று அவற்றின் விளிம்பைத் தழுவிக்கொண்டு போய்விடும். இரண்டையாவது நிமிர்த்துங்கள். ஒன்றை லேசாக, விசிறி இறக்கை போலத் திருகி விடுங்கள். படுத்த இலைகளும் வேண்டும், வெப்பக் காற்று கீழிருந்து எழும்போது அவைதான் தலையாட்டும்.

இளங்காற்று:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குழந்தை படுக்கும் இடத்துக்கு மேலே இப்படி ஒன்று தொங்கவிட ஆசை. செய்யலாமா?

கம்பிவளையம்:

தகடும் எஃகுக் கம்பியும் குழந்தைக்கு மேலே வேண்டவே வேண்டாம், அக்கா. கெட்டி அட்டை, துணி, மெல்லிய மரக்குச்சி போதும். கைக்கு எட்டாத உயரம், நீண்ட நூல் எதுவும் கீழே தொங்கக் கூடாது. குழந்தை கையை ஊன்றி எழ முயலத் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள், ஐந்து மாதம் என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

செய்யும்போது நீங்களே அந்த இடத்தில் படுத்துக்கொண்டு மேலே பாருங்கள். கடையில் விற்பவை பலவற்றில் யானையும் பறவையும் பெரியவர்கள் கண்ணுக்குத்தான் நேராகத் தெரியும். படுத்திருக்கும் குழந்தைக்கு வெறும் விளிம்பு, ஒரு கோடு, அவ்வளவுதான். படுத்த நிலையில் தொங்கும் வடிவங்கள்தான் குழந்தைக்கு முழுதாகத் தெரியும். சின்னக் குழந்தைக்குக் கருப்பு வெள்ளை போன்ற அழுத்தமான வேறுபாடு நன்றாகப் பிடிபடும்.

இளங்காற்று:

படுத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி.

பல்சக்கரம்:

மோட்டார் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு கேள்வி. பெரிய அருங்காட்சியகங்களில் இவை ஏன் அசையாமலே தொங்குகின்றன? நான் பார்த்த ஒன்று அரை மணி நேரத்தில் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. தொடக் கூடாது என்று பலகை வேறு.

நிழல்கோடு:

காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்திய கூடம், மேலே யாரும் நடக்காத உயரம், பழைய கொக்கிகள். தொட்டால் கொக்கி தேயும், வண்ணம் உதிரும், அதனால் பலகை. காப்பாளர்களின் கவலை நியாயமானது. ஆனால் அசையாத தொங்கு சிற்பம் மீட்டாத வீணை மாதிரிதான். 2017-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் கால்டர் கண்காட்சி ஒன்றில் குறித்த நேரங்களில் பயிற்சி பெற்றவர்களை வைத்து அவற்றை அசைத்துக் காட்டியது. எல்லா இடத்திலும் அப்படி ஒரு நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெரிதாக இருந்தால் அசையாது என்பதும் இல்லை. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் கிழக்குக் கட்டடத்தில் தொங்குவது 23 மீட்டருக்கு மேல் அகலம். முதலில் எஃகில் திட்டமிட்டபோது எடை மூன்று டன் அளவுக்குப் போனது. அவ்வளவு கனத்தைக் கூடத்தின் காற்று எங்கே அசைக்கப் போகிறது? பால் மத்தீஸ் என்ற கலைஞர், பொறியியலும் தெரிந்தவர், தேன்கூடு போன்ற உள்ளமைப்புக் கொண்ட அலுமினியத்தில் இலைகளைச் செய்து சுமார் 420 கிலோவுக்குக் கொண்டுவந்தார். அது காற்றிலேயே சுழல்கிறது. கால்டர் 1976 நவம்பரில் இறந்துவிட்டார், 1977-இல்தான் அதைத் தொங்கவிட்டார்கள். பால் மத்தீஸ் ஓவியர் மத்தீஸின் பேரன், துஷாம்பின் மனைவியுடைய முதல் மணத்து மகன். 'மொபில்' என்று பெயர் வைத்தவர் வீட்டுப் பிள்ளை, கால்டரின் அந்தக் கடைசிப் பெரிய சிற்பத்தைச் செய்து முடித்தார். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

துலாக்கோல்:

அந்த எடைக் கணக்கு தகட்டிலைக்கும் பொருந்தும். 40 செ.மீ. நீளத்துக்கு 2 மி.மீ. கம்பி அதிகம். 1.2 மி.மீ. விறைப்புக் கம்பி என்றால் அதே நீளம் மூன்றரைக் கிராம்தான். கட்டுக்கம்பி மட்டும் வேண்டாம், அது மிருதுவானது, நாளடைவில் தொய்ந்து நுனிகள் இறங்கிவிடும்.

தொங்கும் வகை இல்லை என்றாலும் அமெரிக்கச் சிற்பி ஜார்ஜ் ரிக்கியின் வேலைகளை ஒருமுறை பாருங்கள். நிமிர்ந்து நிற்கும், கத்தி போன்ற நீண்ட எஃகுத் தகடுகள், அச்சுக்குக் கீழே ஈயத்தால் எதிர் எடை. எடையின் மையம் அச்சுக்கு மிக அருகில் இருப்பதால் பெருங்காற்றிலும் அவசரப்படாமல் மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிரும். நாம் மேலே பேசிய அதே சங்கதி.

தகட்டிலை:

பத்து நாளாக எழுதவில்லை, மன்னியுங்கள். என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

நடுக்கம்பியை 1.2 மி.மீ.யில் புதிதாகச் செய்தேன். கணக்குப்படி காது இருக்க வேண்டிய இடம் 11.6 செ.மீ. நூல் கண்ணியில் தொங்கவிட்டும் பார்த்தேன், ஒரு மில்லி மீட்டர் தள்ளி அங்கேயே நின்றது. நுனிகளை அன்னக் கழுத்தாகத் திருப்பினேன். ஆசையில் அளவு மீறித் திருப்பிவிட்டேன், கையை எடுத்ததும் முழுக் கம்பியும் தலைகீழாகப் புரண்டது. கீழ் இலைகள் நூலோடு சுற்றிக்கொண்டன. சிக்கெடுக்க ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் கோட்டுக்குக் கீழே போனால் கவிழும் என்று துலாக்கோல் ஐயா எழுதியதைக் கையில் உணர்ந்தது அப்போதுதான். கொஞ்சம் கொஞ்சமாக நுனிகளை இறக்கினேன். காது கோட்டுக்கு மேல் 3 மி.மீ.யில் இருந்தபோது கம்பி சாய்ந்த இடத்திலேயே சோம்பிக் கிடந்தது. 12 மி.மீ.யில் அப்படியே விட்டுவிட்டேன்.

சுழலியை உச்சியில் மாட்டினேன். இரண்டு இலைகளை நிமிர்த்தி, சிறியதை லேசாகத் திருகிவிட்டேன். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு யாரோ அடுத்த அறைக் கதவைத் திறந்தார்கள். எனக்கு எந்தக் காற்றும் தெரியவில்லை. திருகிய இலை மட்டும் ஒரு கால் சுற்றுத் திரும்பியது. அதன் மறு நுனி சற்றே எழுந்தது. அது எழுந்ததும் நடுக்கம்பி மெல்லக் குனிந்தது, குனிந்தவாறே சுழலத் தொடங்கியது. மேல்கம்பி அப்போதும் அசையவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள், காலடிச் சத்தமும் போய்விட்டது, அதற்கும் பிறகு அது புறப்பட்டது. கீழே இரண்டும் ஒரு திசையில் போய்க்கொண்டிருக்க, மேலே உள்ளது எதிர்த்திசையில். சுவரில் நிழல்கள் ஒன்றையொன்று தாண்டிப் போயின. விளக்கை அணைக்க மனமில்லாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேல்கம்பி இன்னும் பழைய 2 மி.மீ.தான், காது 9 செ.மீ. உயரத்தில். நாளை அதன் நுனிகளையும் திருப்பப் போகிறேன்.

துலாக்கோல்:

6 கிராமுக்கு மேல் எடை குறைத்திருக்கிறீர்கள், 11.6 சரிதான். மேல்கம்பி மொத்தக் கனத்தையும் தாங்குகிறது, அதை 2 மி.மீ.யாகவே விடுங்கள். உயரத்தை மட்டும் 3 செ.மீ.க்குக் கொண்டு வாருங்கள், அதற்குக் கீழே இப்போதைக்குப் போக வேண்டாம்.

கம்பிவளையம்:

திருப்புவதற்கு முன் கீழ் அடுக்கு இரண்டையும் கழற்றி வேறு எங்காவது தொங்கவிட்டு வையுங்கள். தரையில் போட வேண்டாம், வளைவு கெட்டுவிடும். கம்பி இப்போது இருக்கும் வளைவை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பப் போக வேண்டியிருந்தால் உதவும்.